மாமியாரிடமிருந்து பதில் இல்லை

"எதையாவது ஒண்ணைக் கெடுத்து வச்சிட்டுப் போயேன்" என்று மாப்பிள்ளை மறுபடியும் கெஞ்சினான்.

அவன் மனைவி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க ஊரார் முழங்காலை மடக்கி நீட்டப் போகிறவளுக்கு, காலை வேளையில் புருஷனின் பெட்டிகளை வேறு கெடுத்து வைத்துவிட்டுப் போக ஏது நேரம்?

"நேத்துதான் கெடுத்தேனே!"

"பிளக்கைப் பிடுங்கினே. முந்தாநாளும் அதே பிளக்தான். ரூம்ல காலை வச்சதுமே தெரிஞ்சிடுது, ஒரு சத்தமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எதுக்குப் பரீட்சை?"

"அப்ப வேற ஆளைப் பாருங்க. ஆனா ஒண்ணு, இதுதான் கடைசித் தடவை. பாஸோ ஃபெயிலோ, அதுக்கப்புறம் அந்த ரூம் எனக்கு வேணும்."

லிஃப்ட் அவளை விழுங்கிக்கொண்டு கீழே போனது.

அவன் எழுதப்போகும் பரீட்சை கொஞ்சம் விசித்திரமானது. பேனா, தாள் எதுவும் கிடையாது. ரவுட்டர் பெட்டிகளும் கேபிள்களுமாக ஒரு நெட்வொர்க்கை முன்னால் வைத்துவிடுவார்கள். முற்பகலில் அதைக் கட்டி எழுப்ப வேண்டும். பிற்பகலில், அவர்களே எங்கெங்கோ கெடுத்து வைத்த இன்னொரு நெட்வொர்க்கைக் கொடுத்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கட்டுவதில் நம் ஆள் சூரன். கண்டுபிடிப்பதில்தான் இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினான். காரணம் எளிது. வீட்டில் பயிற்சி செய்யும்போது கோளாறை ஒளித்து வைப்பவனும் அவனே, தேடுபவனும் அவனே. அப்படித் தேடினால் யாருக்குத்தான் கிடைக்காது?

ஆபீஸில் அவனுக்கு 'அரியர் அண்ணன்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து வேலை கற்றுக்கொண்ட பையன்கள் எல்லாம் முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டு, "அண்ணே, அடுத்தது எப்பண்ணே?" என்று பணிவாக விசாரித்தார்கள். அந்தப் பணிவில்தான் அவனுக்கு அழுகை வந்தது. வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அரியருக்கு இது எவ்வளவோ மேல்.

மாப்பிள்ளை என்று கூப்பிட வீட்டில் ஆள் இருந்ததற்குக் காரணம், மாமனாரும் மாமியாரும் வந்து தங்கியிருந்தது. அவர்கள் வீட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை மகள் வீடு. பரீட்சைக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. சின்ன அறையை ரவுட்டர்கள் ஆக்கிரமித்திருந்ததால், பெரியவர்கள் இருவரும் ஹாலில் படுத்தார்கள். ரவுட்டர்களுக்கு ஃபேனும் கதவும் தனி அறையும், தன் முதுகுக்கு ஹாலும் என்பதை மாமியார் கவனிக்காமல் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினைத் தூசி தட்டி, சின்ன அறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, திரைச்சீலைகளுக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சோபாவில் உட்கார்ந்தால் அசைய மாட்டார். "லைட்டைப் போடு", "ஃபேனைக் குறை", "டி.வி.யை வை" என்று உத்தரவு போடுவார், அத்தை எழுந்து வந்து செய்வார். ஒரு சுவிட்சைக்கூடத் தன் கையால் தொடாத அந்தக் கம்பீரம் மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்று மனைவி கைவிட்டுப் போனதும் அவன் பார்வை அந்தக் கம்பீரத்தின் மேல் விழுந்தது.

"மாமா, எனக்கு ஒரு உதவி. தினமும் நான் ஆபீஸ் போனப்புறம் அந்த ரூமுக்குப் போய் ஏதாவது ஒரு ஒயரை உருவி விடணும். இல்லைன்னா இடம் மாத்திச் சொருகணும். எதுன்னு எனக்குச் சொல்லக் கூடாது. சாயங்காலம் வந்து நான் கண்டுபிடிக்கிறேன்."

"ஒயரா? கரண்டு ஒயரா?"

"எந்த ஒயரா இருந்தா என்ன மாமா? நீங்க கேள்வித்தாள் தயாரிக்கிறீங்கன்னு வச்சுக்குங்க."

கேள்வித்தாள் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எடுத்த கேள்வித்தாளைப் பார்த்து, பசங்க மட்டுமில்லை, கூட இருந்த வாத்தியாருங்களே மயங்கி விழுந்திருக்காங்க. கவலைப்படாதீங்க மாப்பிள்ளை."

கிளம்பும் முன் மாப்பிள்ளை அறைக்குள் நின்றபடி தாடிக்கு ஃபோன் போட்டான். தாடி என்பவன் ஆபீஸ் நண்பன். அவனும் இதே பரீட்சைக்குப் படிக்கிறவன். தன் வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக இந்தப் பெட்டிகளுக்குள் புகுந்து பயிற்சி செய்வான். இதுவரை ஒரே ஒரு தடவைதான் தோற்றிருக்கிறான் என்பதால் அவன்தான் குரு.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்ததும் தாடிதான். "ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் வச்சா எது எதோட சேருதுன்னு மறந்து போகுதுடா. சொந்தக்காரங்க பேரா வை, உறவுமுறை மறக்காது" என்றான். அப்படியே மாமனார், மச்சான், நாத்தனார், சித்தப்பா என்று வைத்தார்கள். எந்தச் செய்தியும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று நட்டநடுவில் உட்கார்ந்திருந்த பெரிய பெட்டிக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? மாமியார் என்று வைத்தார்கள். பெயர்கள் கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே தெரியும். பெட்டிகளின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மாமியார் சரியில்லைடா தாடி" என்றான் மாப்பிள்ளை. "மாமனார் பாவம், ஹலோ ஹலோன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. இது பதிலே தர மாட்டேங்குது. உம்முன்னு கிடக்கு."

ஒரு ரவுட்டர் தன் பக்கத்து ரவுட்டருக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை 'ஹலோ' அனுப்பிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் உறவு முறிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

கதவுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. நாம் பேசும்போது தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நிறுத்திவிடுகிறாரே, அத்தைக்கு எவ்வளவு இங்கிதம் என்று மாப்பிள்ளை நெகிழ்ந்து போனான்.

மாலையில் வந்து பார்த்தால் ஒரு கேபிள் உருவிக் கிடந்தது. பிளக் இல்லை, அசல் கேபிள். எது எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தை வைத்துக் கண்டுபிடித்துச் சொருகிவிட்டு, ஓடி வந்து மாமனாரின் கையைக் குலுக்கினான்.

"மாமா, பிரமாதம்! மச்சானுக்குப் போற கேபிளை உருவியிருந்தீங்க பாருங்க, நல்ல ஆரம்பம்."

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சும்மா ஒரு ஒரு மார்க் கேள்விதான்" என்றார்.

மறுநாள் காலை ஃபோன். "வயசாயிடுச்சுடா மாமியாருக்கு. மெமரி பத்தலை. ரெண்டு வேலை சேர்த்துச் சொன்னா அப்படியே தொங்கிடுது. மொத்தமா துடைச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சாத்தான் உருப்படும்."

மெஷின் சத்தம் நின்றது. அன்று மாலை, உருவிய இரண்டு கேபிள்கள் இடம் மாறிச் சொருகப்பட்டிருந்தன. கண்டுபிடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"மாமா, நீங்க ஜீனியஸ்!"

"இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை மாப்பிள்ளை" என்றார் மாமா. அது உண்மை என்று மாப்பிள்ளைக்கு அப்போது தெரியாது.

நாட்கள் போகப் போகக் கோளாறுகள் கடினமாயின. மாப்பிள்ளையும் தேறிக்கொண்டே வந்தான். தேறத் தேற உற்சாகம் அதிகமாகி, தாடியோடு பேச்சும் நீண்டது. "தலையில ரெண்டு தட்டுத் தட்டினேன், கொஞ்சம் வழிக்கு வந்திருக்கு" என்று ஒரு நாள். "ராத்திரி முழுக்க ஒரே இரைச்சல், தூங்க முடியலை" என்று இன்னொரு நாள். அந்த மாலைகளில் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

ஒருநாள் மட்டும் காலையில் நல்ல சேதி இருந்தது. "இன்னிக்கு மாமியார் பரவாயில்லைடா. பாதி நேரம் ஒழுங்கா இருக்கு" என்றான் மாப்பிள்ளை.

அன்று மாலைதான் அவனை நிஜமாகவே அழ வைத்தது. எல்லாக் கேபிளும் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனாலும் நாத்தனாருக்கு ஒரு சேதியும் போய்ச் சேரவில்லை. தட்டிய கட்டளைகளையே திரும்பத் திரும்பத் தட்டினான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தான். கடைசியில் வெறுத்துப்போய்ப் பெட்டியின் பின்பக்கம் கையை ஊன்றியபோது, 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு கேபிள், சொருகியது போலவே இருந்துகொண்டு, பாதி மட்டும் வெளியே வந்திருந்தது; கை பட்டதும் உள்ளே போய் உட்கார்ந்தது.

"மாமா! பாதி மட்டும் உருவணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"அனுபவம்" என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டு.

அடுத்த நாள் தாடிக்குப் பல்வலி. வாயைத் திறக்க முடியாததால் ஃபோன் பேச்சு இல்லை. அன்று மாலை மாப்பிள்ளை தலைகீழாக நின்று தேடியும் ஒரு கோளாறும் கிடைக்கவில்லை. கிடைக்காத ஆத்திரத்தில், ஒழுங்காக இருந்த மூன்று இடங்களைச் சரிசெய்து கெடுத்தான்.

"தோத்துட்டேன் மாமா. நீங்களே சொல்லிடுங்க. எங்க வச்சீங்க?"

மாமா கூரையைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார். "ஒண்ணும் வைக்கலை. கோளாறே இல்லைன்னு கண்டுபிடிக்கவும் தெரியணுமில்லையா? அதான் இன்னிக்குக் கேள்வி."

மாப்பிள்ளை அவர் காலில் விழாத குறை.

இதற்கிடையில் மனைவி ஒருநாள் அவனை ஓரமாக இழுத்தாள். "அம்மாவை என்ன சொன்னீங்க? ரெண்டு வாரமா முகமே சரியில்லை. கேட்டா, 'நான் வயசானவ, மெமரி பத்தாது'ங்கிறாங்க."

"நானா? நான் அத்தைகிட்ட உரக்கப் பேசினதுகூட இல்லையே! எங்கிட்ட ரொம்ப மரியாதையா இருக்காங்க. முந்தி 'வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்'பாங்க. இப்ப 'சாப்பாடு இருக்கு'ன்னு சுருக்கமாச் சொல்லிடறாங்க. என் படிப்பு கெடக் கூடாதுன்னுதான்."

"ஹால்ல படுத்து முதுகு பிடிச்சிருக்கும். நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. நல்ல மனசுக்காரன்தான். அத்தைக்கு ஒரு கட்டில் போடும் அளவுக்காவது அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தான். நல்ல முடிவு. அதைத் தாடியிடம் ஃபோனில் சொன்னதுதான் வினை.

"டேய், இடம் பத்தலைடா. மாமியாரைத் தூக்கி பால்கனியில வச்சிடலாம்னு பார்க்கிறேன்."

"மழை வந்தா?" என்றான் தாடி.

"நனைஞ்சா நனையட்டும், பழசுதானே! மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக் கட்டிட்டாப் போச்சு. என்ன, கனம்தான் ஜாஸ்தி. ஒரு ஆளாத் தூக்க முடியாது. நீ வந்தியானா கால் பக்கம் பிடிச்சுக்கோ."

ஹாலில் ஏதோ உலோகச் சாமான் விழுந்து உருண்டது. அத்தையின் கத்திரிக்கோல்.

அன்று மாலை அறைக்கதவைத் திறந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். எல்லா விளக்குகளும் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே நேரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. பெட்டிகள் கத்தின. வீட்டு இன்டர்நெட் படுத்துவிட்டது. பெரிய பெட்டியிலிருந்து எல்லாக் கேபிளும் உருவப்பட்டு, அழகாக மடித்து, ஜடை போலப் பின்னி ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தன. தனியாக நின்ற ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டிக்குள் சொருகப்பட்டிருந்தன. ஒரு வாயிலிருந்து புறப்பட்ட செய்தி மறுவாய்க்கே திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி, மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

இது பரீட்சையில் வரும் கோளாறுகளிலேயே மோசமானது. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மனைவி வந்தாள், போனாள். அவன் ஒவ்வொரு கேபிளாகப் பிரித்து, வரைபடத்தைப் பார்க்காமலேயே, மனப்பாடமாக ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் சேர்த்தான். கடைசி விளக்கு பச்சையானபோது அவனுக்கே ஒன்று புரிந்தது. பயம் போயிருந்தது. இரண்டு வருஷமாக வயிற்றில் கிடந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மாமா" என்று ஹாலுக்கு வந்தான். "இதுக்கு மேல என்னைச் சோதிக்க ஒண்ணுமே இல்லை மாமா."

மாமா டி.வி.யைப் பார்த்தபடி ஆசீர்வாதம் செய்வது போல் கையை உயர்த்தினார். அத்தை ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பரீட்சை நாள் வந்தது. முற்பகல் வழக்கம்போல் சுலபமாக முடிந்தது. பிற்பகலில் கோளாறுகள் ஒவ்வொன்றாக அவன் கையில் உதிர்ந்தன. கடைசி ஒன்று மட்டும் மசியவில்லை. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது; ஒரு பெட்டி மட்டும் பதில் தர மறுத்தது. சுற்றிலும் இருந்தவர்கள் வியர்க்க வியர்க்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் தட்டினான். பழைய பயம் மெல்ல எட்டிப் பார்த்தது. அப்போது அவனுக்கு அந்தப் பாதி கேபிள் நினைவுக்கு வந்தது.

எழுந்தான். கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை பெட்டிகளின் பின்னால் போய், ஒவ்வொரு கேபிளையும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தான்.

'டிக்.'

பச்சை விளக்கு எரிந்தது. கண்காணிப்பாளர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை மட்டும் அங்கேயே நின்று, மாமனார் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

பாஸ் என்று முடிவு வந்த அன்று ஆபீஸில் பையன்கள் அவனைத் தூக்கிச் சுற்றினார்கள். அரியர் என்ற பெயர் அந்தச் சுற்றிலேயே கழன்று விழுந்தது.

பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாளும் அடுத்தாற்போல் வந்தது. மனைவிக்குக் கொடுத்த வாக்குப்படி அறையையும் அன்றே காலி செய்ய வேண்டும். காலையில் மாப்பிள்ளை தாடியிடம் சந்தோஷமாகச் சொன்னான். "மாமியாரோட வேலை முடிஞ்சுதுடா. இனிமே அதை வச்சுக்கிட்டு என்ன பண்ண? பழைய சாமான்காரன் வரான், போட்டுடலாம்னு இருக்கேன்."

பெட்டி படுக்கையெல்லாம் வாசலுக்கு வந்தன. மனைவி கார் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எல்லோரையும் சின்ன அறைக்குள் அழைத்தான். ரவுட்டர்கள் கடைசி முறையாக மினுக்கிக்கொண்டிருந்தன.

"நான் பாஸ் பண்ணினதுக்கு ஒரே ஆள்தான் காரணம். மாமா! தினமும் நீங்க வச்ச கோளாறுதான் என்னை ஆளாக்கிச்சு. நீங்க இல்லைன்னா இந்த ஜென்மத்துல நான் தேறியிருக்க மாட்டேன்."

"ஏதோ, என்னால முடிஞ்சது" என்றார் மாமா.

"அதனால உங்க கையாலதான் இதுக்கு முடிவுரை. வாங்க மாமா, இந்த மெயின் சுவிட்சை நீங்க அணைக்கணும்."

மாமாவின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை... நீங்களே..."

"ஒரு சுவிட்சுதானே மாமா."

"கை ஈரமா இருக்கு."

"துண்டு தரேன்."

"செருப்பு போடலை" என்று மாமா ஓரடி பின்வாங்கினார். "கார் வேற வந்திருக்கும்."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான். அதற்குள் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருவரையும் விலக்கி முன்னால் வந்தார். 'டக்' என்று சுவிட்சை அணைத்தார். அத்தனை விளக்குகளும் ஒரே மூச்சில் அவிந்தன. அந்த அமைதியில், வாரக்கணக்கில் முதல் தடவையாக, மாப்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"அவருக்குக் கரண்டுன்னாலே நடுக்கம் மாப்பிள்ளை, இந்த ரூம் வாசப்படியைக்கூட அவர் தாண்டினதில்லை, நீங்க ஃபோன்ல என்னை 'அது இது'ன்னு பேசின ஒவ்வொரு நாளும் நான்தான் வந்து உருவினேன், பாதி பரவாயில்லைன்ன அன்னிக்குப் பாதி உருவினேன், இன்னிக்குப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்னீங்களே, அதுக்குத்தான் இது!"